தொட்டியில் இருந்த தலைப்பிரட்டைகள் எங்கே போயின?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கொல்லைப்புறத்தில் எட்டடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டடி ஆழத்தில் புதிதாகச் சிமெண்ட் தொட்டி கட்டி, ஆறு கோல்டு ஃபிஷ்ஷும் இருபது கப்பி மீனும் விட்டிருக்கிறீர்கள். ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி தவளைகள் வந்து விடிய விடியக் கத்தின. காலையில் பார்த்தால் கருமணி கோத்த நூல் போல முட்டைச்சரம். நாலைந்து நாளில் கருகருவென்று ஆயிரக்கணக்கில் தலைப்பிரட்டை. ஒரு மாதம் போல ஆகி, பின்னங்கால் முளைத்த சமயத்தில், ஒரே வாரத்துக்குள் அத்தனையும் மாயம். கப்பியிலும் ஏழெட்டைக் காணோம். மீன் தின்றதா, தவளை தின்றதா, அடுத்த மழைக்கு முட்டையை அள்ளி வெளியே கொட்டிவிடவா என்று கேட்கிறீர்கள். கடைக்காரர் பேச்சைக் கேட்டுக் கல்லுப்பு போட்டதையும், பாம்பு வந்துவிடும் என்று மாமியார் பயப்படுவதையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். ஒரே தண்ணீரில் மீனும் தவளையும் சேர்ந்து பிழைக்குமா என்பதுதான் இதற்கெல்லாம் அடியில் இருக்கிற கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் முப்பது வருஷம் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன். தவளையை மெழுகுத் தட்டில் மல்லாத்திக் குண்டூசி குத்தி அறுக்கக் கற்றுக்கொடுத்த தலைமுறை. அந்தக் கணக்கைத் தீர்க்கவோ என்னவோ, ஓய்வு பெற்ற பிறகு கொல்லையில் தண்ணீர் தேக்கிவைத்து வருகிற தவளைகளுக்கு இடம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மீன் நோய்க்கு மருந்து சொல்லும் அளவுக்கு எனக்குப் பயிற்சி கிடையாது. உங்கள் தொட்டியை நேரில் பார்க்கவும் இல்லை. நீங்கள் எழுதியதையும் போட்டிருந்த இரண்டு படங்களையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

வந்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நூல்போலச் சரமாக முட்டையிட்டு, அதிலிருந்து கரிக்கட்டை நிறத்தில் கூட்டம் கூட்டமாகத் திரியும் தலைப்பிரட்டை வந்தால் அது தேரை. பெயரில் ஒரு குழப்பம் உண்டு. சில ஊரில் தோல் சொரசொரத்த தரைத்தவளையைத் தேரை என்பார்கள், சில ஊரில் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் மெலிந்த தவளைக்குத்தான் அந்தப் பெயர். நான் சொல்வது முதல் வகை, சொறித்தவளை என்றும் சொல்வார்கள். சுவரில் ஒட்டுவது மரத்தவளை. அது தண்ணீருக்கு மேலே தொட்டிச் சுவரிலோ இலையிலோ சோப்பு நுரை மாதிரி ஒரு கூடு கட்டி அதற்குள் முட்டையிடும். குஞ்சு பொரித்ததும் நுரை கரைந்து ஒவ்வொன்றாகத் தண்ணீரில் சொட்டும். உங்கள் இரண்டாவது படத்தில் விளிம்புக்குக் கீழே காய்ந்துபோன வெள்ளைத் திட்டு ஒன்று தெரிகிறது, அது அந்த நுரையின் மிச்சமாக இருக்கலாம். படத்தில் தெளிவில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

தேரை என்று தெரிந்துவிட்டால் மீன் தின்றதா என்ற கேள்வி பாதி தீர்ந்தது. தேரையின் முட்டையிலும் தலைப்பிரட்டையிலும் தாயிடம் இருக்கிற அதே கசப்பு நஞ்சு உண்டு. என் தொட்டியில் ஒரு கோல்டு ஃபிஷ் இதைக் கற்றுக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். முதல் தலைப்பிரட்டையை வாயில் இழுத்தது, இரண்டு விநாடி மென்றது, புகையிலைத் துப்புவது மாதிரி வெளியே தள்ளியது. துப்பப்பட்டது வாலை ஆட்டிக்கொண்டு போய்க் கூட்டத்தில் சேர்ந்துகொண்டது. இன்னொன்றை எடுத்தது, அதையும் துப்பியது. மூன்றாவது பக்கத்தில் வந்தபோது வாயைத் திறக்கவே இல்லை. கூட்டமாகத் திரிவதன் சூட்சுமமும் இதுதான். ஒருவனைக் கடித்துப் பார்த்தவன் மற்ற எல்லோரையும் விட்டுவிடுகிறான். பட்டினி கிடக்கிற மீன் கசப்பைப் பார்க்காது, எல்லா மீனுக்கும் நாக்கு ஒன்றல்ல, ஆகவே ஒன்றுகூடத் தின்றிருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு கோல்டு ஃபிஷ் ஒரே வாரத்தில் ஆயிரம் தேரைக் குஞ்சைத் தீர்த்துவிட்டன என்பதை நான் நம்பமாட்டேன். இதுவே மரத்தவளையுடையதாகவோ, வயல் ஓரம் கத்தும் சின்னத் தவளையுடையதாகவோ இருந்திருந்தால் கதை வேறு. அவற்றுக்குக் கசப்பு கிடையாது. கோல்டு ஃபிஷ் முட்டையிலேயே ஆரம்பித்துவிடும், கப்பிகூடப் புதிதாகப் பொரித்ததைக் கொத்தித் தின்னும். விரால் இருந்தால் பேச்சே இல்லை. விரால் பிடிக்கத் தூண்டிலில் தவளைக்குஞ்சைக் கோக்கிறார்கள் என்பதே போதும்.

அப்படியானால் எங்கே போயின? பின்னங்கால் முளைத்த சமயம் என்று நீங்கள் எழுதிய ஒரு வரிதான் எனக்குக் கிடைத்த துப்பு. நம் ஊர் வெயில் தண்ணீரில் தேரைக்கு முட்டையிலிருந்து கரையேற நான்கைந்து வாரம் ஆகும். பின்னங்கால் முதலில் தெரியும், முன்னங்கால் பிறகு ஒரே நாளில் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதற்குப் பிறகு நடப்பது அவசரக் கதி. பாசி சுரண்டிய கொம்பு உதடு உதிர்ந்து அகலமான வாய் திறக்கிறது, சுருள் சுருளாக இருந்த நீளக் குடல் சுருங்குகிறது, வால் விழுவதில்லை, உடம்புக்குள்ளேயே உறிஞ்சப்படுகிறது. அந்தச் சில நாள் அது எதையும் தின்பதில்லை. தன் வாலைத்தான் தின்று உயிர் வாழ்கிறது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், உண்மை அதுதான். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய தேரைக்குஞ்சுகள் ஈரமான ஒரு ராத்திரியில் மொத்தமாகக் கிளம்பிப் போய்விடும். காலையில் தொட்டி காலியாக இருக்கும். நீங்கள் செடிப்பாத்தியில், செங்கல் அடியில், பூந்தொட்டிக்குக் கீழே தேடியிருந்தால் சிலது கிடைத்திருக்கும். ஆகவே உங்கள் தலைப்பிரட்டைகளில் ஒரு பகுதி பிழைத்து வெளியே போயிருக்கலாம் என்பது நல்ல செய்தி.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். உங்கள் படத்தில் தண்ணீர் விளிம்புக்கு ஒரு முழம் கீழே நிற்கிறது, சுவர் செங்குத்து, உள்பக்கம் வழவழவென்று பூசியிருக்கிறது. வால் பாதி போன குஞ்சுக்கு நீந்தவும் சரியாக வராது, தாவவும் வராது. நுரையீரலுக்கு மாறிவிட்டதால் காற்றும் வேண்டும். பிடிக்க ஓர் இடம் இல்லாவிட்டால் சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி வந்து களைத்து மூழ்கிவிடும். இதை நான் சொந்தக் கையால் செய்திருக்கிறேன். முதல் வருஷம் கிணற்று உறை ஒன்றை மண்ணில் புதைத்துத் தண்ணீர் நிரப்பி, முட்டை வந்ததில் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு காலை போய்ப் பார்த்தால் உறையைச் சுற்றி உள்பக்கம் ஒரு வரிசையாகக் குஞ்சுகள் மிதந்தன, ஒவ்வொன்றுக்கும் கறிவேப்பிலைக் காம்பு அளவுக்கு வால் மிச்சம். அன்றைக்கே ஒரு தென்னை மட்டையை, அடி தண்ணீருக்குள்ளும் நுனி வெளியேயும் இருக்கும்படி சாய்த்துப் போட்டேன். மறுநாள் விடியற்காலையில் அந்த மட்டையின் பள்ளத்தில் பதினேழு குஞ்சு உட்கார்ந்திருந்தன. எண்ணியதால் நினைவிருக்கிறது. நீங்கள் தொட்டிக்கு வேறு எதுவும் செய்யாவிட்டாலும், நாலு மூலையிலும் மூலைக்கொரு மட்டையோ சொரசொரத்த பலகையோ போட்டுவிடுங்கள். ஓணானும் அணிலும் தவறி விழுந்தால் அவற்றுக்கும் அதுவே ஏணி.

இனிக் கல்லுப்பு. நன்னீர் மீனுக்குச் சிறிதளவு உப்பு சில நோய்களில் உதவும் என்பது மீன் வளர்ப்பவர்களின் பழைய பழக்கம், அதில் நியாயமும் இருக்கிறது. தவளை இனத்துக்கு அது ஆகாது. அவற்றின் தோல் தண்ணீரையும் உப்பையும் தாராளமாக விடும் தோல். தலைப்பிரட்டைக்கு இன்னும் மோசம். கடலோரச் சதுப்பில் வாழ்வது போன்ற சில இனங்களைத் தவிரப் பெரும்பாலானவை உப்புத்தண்ணீரில் தாக்குப்பிடிக்காது. நீங்கள் இரண்டு கைப்பிடி போட்டேன் என்கிறீர்கள். தொட்டி முழுக்க நிரம்பினால் ஏறக்குறைய 2,260 லிட்டர் பிடிக்கும், உங்களுடையதில் அதற்குக் குறைவாக இருக்கும். அதில் இரண்டு கைப்பிடி கரைந்தால் கொல்கிற அளவு இல்லை. அதனால் குற்றவாளி உப்புதான் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது, ஒவ்வொரு முறை போடுவதும் சேர்ந்துகொண்டே போகும். மீன் கடையில் விற்கும் பச்சை, நீலச் சொட்டு மருந்துகளையும் தலைப்பிரட்டை இருக்கிற தண்ணீரில் ஊற்றாதீர்கள்.

உப்பைவிட எனக்குச் சந்தேகம் உங்கள் புதுச் சிமெண்ட்டின் மேல்தான். பூச்சிலிருந்து சுண்ணாம்பு கரைந்து தண்ணீரின் பிஎச், அதாவது அது அமிலமா காரமா என்று காட்டும் எண், ஏறும். மீனும் தலைப்பிரட்டையும் கழிவாக அம்மோனியாவைத்தான் விடுகின்றன. அந்த அம்மோனியா எல்லாமே விஷம் இல்லை. எவ்வளவு விஷ வடிவில் இருக்கும் என்பதை பிஎச் தீர்மானிக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் பிஎச் 7 என்றால் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பிஎச் 9 என்றால் நாற்பது பங்குக்கு மேல். அதே மீன், அதே தீனி, அதே கழிவு, ஆனால் ஒரு தொட்டியில் பிழைக்கிறது, இன்னொன்றில் செவுள் வெந்து சாகிறது. ஆயிரம் தலைப்பிரட்டை வேறு கூடவே கழிவு விட்டுக்கொண்டிருந்தால் கேட்க வேண்டாம். பிஎச் பார்க்கும் காகிதம் மீன் கடையில் கிடைக்கும், ஒரு தடவை பாருங்கள். எட்டரைக்கு மேல் இருந்தால் மீனை வாளிக்கு மாற்றி, தண்ணீரை இறைத்து, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஒரு வாரம் ஊறவிட்டு, மறுபடி இறைத்து நிரப்புங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் இறங்கும். எங்கள் பக்கம் புதுத்தொட்டி கட்டியவர்கள் எல்லோரும் செய்வது அதுதான். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாளாவது வெயிலில் வைத்துவிட்டு மீனை விடுங்கள்.

காணாமல் போன கப்பிகளுக்கு ஒரே பதில் இல்லை. தேரை தண்ணீருக்குள் வேட்டையாடாது, கரையில் பூச்சியைத்தான் பிடிக்கும், அதன் மேல் பழி போட வேண்டாம். மீன் தின்கிற தவளை என்றால் வயலில் கிடக்கும் பெரிய தவளைதான். மழைக்கு ஆண்கள் எலுமிச்சை மஞ்சளாக மாறித் தொண்டையின் இருபுறமும் நீலப் பையை ஊதுமே, அது. ஆறு அங்குல நீளம்கூட வளரும். வாயில் நுழைகிற எதையும், மீன், சுண்டெலி, சின்னத் தவளை உட்பட, விழுங்கும். அது வந்திருந்தால் நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. என் ஊகம் அதைவிட எளிமையானது. அடைமழையில் தொட்டி நிரம்பி வழிந்ததா? கப்பி மேல்மட்டத்தில் திரியும் மீன், வழிகிற தண்ணீரோடு போய்விடும். மறுநாள் காக்கைக்கு விருந்து. எனக்கு இப்படி ஒரே ராத்திரியில் முப்பது போனது. விளிம்புக்கு நாலு விரல் கீழே ஒரு குழாய் வைத்து அதன் வாயில் கொசுவலையைக் கட்டிவிட்டால் இது நிற்கும். மடையானும் மீன்கொத்தியும் வருமானால் அதற்கு நான் உபாயம் சொல்ல மாட்டேன், அவற்றுக்கும் பசிக்கும்.

இப்போது அடிக்கேள்வி. நம் ஊர்த் தவளைகளில் பெரும்பாலானவை மழைக்காலக் குட்டையில், வயல் வரப்பின் ஓரத்தில், வண்டித்தடத்தில் தேங்கிய தண்ணீரில் முட்டையிடுகின்றன. ஆழமான ஏரியையும் கோயில் குளத்தையும் விட்டுவிட்டு இரண்டு மாதத்தில் வற்றிப்போகிற பள்ளத்தை ஏன் தேடிப் போகின்றன? வற்றுகிற தண்ணீரில் மீன் இருக்காது என்பதுதான் காரணம். வெயில் முந்துமா, கால் முளைப்பது முந்துமா என்று ஒரு பந்தயம். தோற்றால் குட்டை முழுக்கக் கருவாடு. ஆனாலும் மீன் வாயில் போவதைவிட அந்தப் பந்தயத்தில் பிழைப்பவை அதிகம். நீங்கள் கட்டியிருப்பது வற்றாத தொட்டி, மீனுக்கான வீடு. அதில் தேரை தன் கசப்பால் தப்பிக்கும், மற்றவை தப்பிக்காது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு தண்ணீர் வேண்டும். தொட்டியிலிருந்து பத்தடி தள்ளி, மர நிழல் பாதி விழுகிற இடத்தில், ஒரு முழ ஆழத்துக்குத் தாம்பாளம் போலச் சரிவாகக் குழி தோண்டித் தார்ப்பாய் விரித்து, மேலே ஒரு கூடை மண் போட்டு, மழைத்தண்ணீரை விடுங்கள். கரையில் புல் வளரட்டும். அதில் ஒரு மீன்கூட விடாதீர்கள், கொசுவுக்கு என்று இரண்டு கப்பிகூட. கோடையில் வற்றட்டும், வற்றுவதுதான் அதன் பலம், கோடை வந்தால் மீனும் தட்டான் புழுவும் தங்காது. அடுத்த மழைக்கு முட்டை பெரிய தொட்டியில் விழுந்தால் கொட்ட வேண்டாம். ஒரு குவளையில் சரத்தோடு மொண்டு குழியில் விட்டால் போதும்.

மீன் குஞ்சு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பல வருஷத்துக்கு முன் ஒரு பண்ணையிலிருந்து பிளாஸ்டிக் பையில் கெண்டைக் குஞ்சு வாங்கி வந்து அப்படியே குழியில் கொட்டினேன். கூடவே நாலைந்து பருத்த தலைப்பிரட்டை வந்திருந்ததைக் கவனிக்கவில்லை. பெரிய தவளையின் தலைப்பிரட்டை பாசியோடு நிற்காது, மற்றத் தலைப்பிரட்டையைத் தின்னும். பத்து நாளில் மரத்தவளைக் குஞ்சு ஒன்றும் மிஞ்சவில்லை. என் குழி சின்ன விஷயம். அந்தமான் தீவுகளில் இதே தவளை இந்த நூற்றாண்டில் வெளியிலிருந்து போய்ச் சேர்ந்து பரவியிருக்கிறது, மீன் குஞ்சோடு கலந்து போனது ஒரு முக்கிய வழி என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2019-ல் வந்த ஓர் ஆய்வில், தொட்டிகளில் இதன் தலைப்பிரட்டையோடு சேர்த்து வைத்த அந்தமான் இனத் தலைப்பிரட்டைகளில் ஒன்றுகூடத் தப்பவில்லை. இங்கே நம் வயலில் அது சொந்தக்காரன், அதை வெறுக்க வேண்டியதில்லை. காலுக்காக இதை மூட்டை மூட்டையாகப் பிடித்து ஏற்றுமதி செய்து, 1987-ல் அரசு தடை போட்ட பிறகுதான் மூச்சு விட்டது. பையை மட்டும் ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்துவிட்டு விடுங்கள்.

கொசு வருமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சுகாதாரத் துறை ஆள் வந்து கேட்பார். தலைப்பிரட்டை கொசுப்புழுவைத் தின்றுவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. இலங்கையில் 2013-ல் வந்த ஓர் ஆய்வில், தேரை உட்படச் சில இனங்களின் தலைப்பிரட்டைகள் டெங்கு கொசுவின் முட்டைகளைத் தின்றது பதிவாகியிருக்கிறது. அது ஆய்வகத் தொட்டியில் நடந்தது, பாசியும் சருகும் நிறைந்த குழியில் அவை முட்டையைத் தேடிப் போகும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள். நாலு நாளுக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்து, நெளிகிற புழுவை டீ வடிகட்டியால் அள்ளிவிடுங்கள். இப்படித் தவறாமல் பார்க்க முடியாதவர் குழி வெட்டாமலே இருப்பது நல்லது. கம்பூசியா மீன் இலவசமாகக் கிடைக்கிறது என்று யாராவது கொடுத்தால் தவளைக் குழியில் விடாதீர்கள். அமெரிக்க மீன் அது, 1928 முதல் கொசு ஒழிப்புக்கு இந்தியாவில் பயன்படுகிறது, தலைப்பிரட்டையின் வாலைக் கடித்துத் துண்டாக்கும் பழக்கம் அதற்கு உண்டு. மூடிய கிணற்றுக்கும் கட்டிடத் தொட்டிக்கும் அது பொருந்தும். எந்த மீனானாலும் மிஞ்சியதை ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள்.

மாமியாருக்கு என்ன சொல்வது என்றால், பாம்பு வரும் என்று அவர் சொல்வது சரிதான். தவளை இருந்தால் தண்ணீர்ப்பாம்பு வரும், அதற்கு விஷமில்லை, கோபம் மட்டும் உண்டு. நல்ல பாம்புக்கும் தேரை பிடிக்கும். நுணலும் தன் வாயால் கெடும் என்றது சும்மா இல்லை. அதனால் குழியை வாசற்படிக்குப் பக்கத்தில் வெட்டாதீர்கள், சுற்றிச் செங்கல், விறகு அடுக்காதீர்கள், ராத்திரி டார்ச் இல்லாமல் போகாதீர்கள். தேரை மோந்தால் தேங்காய் வெறுங்காயாகும் என்று அவர் அடுத்துச் சொன்னால், அதற்கும் தேரைக்கும் சம்பந்தமில்லை என்று பதமாகச் சொல்லிப் பாருங்கள்; என் வீட்டில் நான் சொல்லி எடுபடவில்லை.

அடுத்த மழை ராத்திரி கத்தல் கேட்டால் போனில் ஒரு நிமிஷம் பதிவு செய்து போடுங்கள். தேரை இழுத்து இழுத்து நீளமாக உருட்டும், வயல் தவளை தொண்டையிலிருந்து கனமாக இடிக்கும், மரத்தவளை விரல் மடக்கிக் கதவைத் தட்டுகிற மாதிரி டக் டக் டக் என்று விட்டுவிட்டுத் தட்டும். சுவரில் அந்த வெள்ளைத் திட்டு யாருடையது என்பது அப்போது தெரிந்துவிடும்.